சைனஸ் அறுவை சிகிச்சை: வழி திறந்த பிறகும் மருந்து எதற்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியை எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். இரு நாசிகளிலும் தீராத அடைப்பு. ஓராண்டாக எந்த மணமும் தெரியவில்லை. "அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்து வீட்டார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, டாக்டர்" என்றார். மூக்கினுள் பாலிப் என்னும் சதை வளர்ச்சி இருந்தது. மருந்துகள் போதிய பயன் தராததால் அறுவை செய்தேன். ஒரு மாதத்தில் அடைப்பு நீங்கியது, மணமும் திரும்பியது. விடுவிப்புச் சீட்டில் உப்புநீர்க் கழுவலும் மூக்கில் தெளிக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு மாதங்கள் பயன்படுத்தினார். பின்னர், "நன்றாகிவிட்டதே, இனி மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். ஒன்றரை ஆண்டு கழித்து அவர் மீண்டும் வந்தபோது பாலிப் மறுபடியும் வளர்ந்திருந்தது. "ஆபரேஷன் செய்தும் பயனில்லையே" என்று வருந்தினார்.

தவறு அவருடையது அன்று. சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன; அது எதற்காக, எவ்வளவு காலம் என்பது இல்லை. அதை அமர்ந்து விளக்கியிருக்க வேண்டியவன் நான். அன்று விடுபட்ட விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

காற்றறைகளும் அவற்றின் வாயில்களும்

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் காற்று நிறைந்த அறைகள் உள்ளன. இவற்றையே சைனஸ் என்கிறோம். ஆகவே, சைனஸ் என்பது நோயின் பெயர் அன்று. எல்லோரிடமும் உள்ள உறுப்பின் பெயர். கன்னங்களில் ஒரு சோடி, நெற்றியில் ஒரு சோடி, கண்களுக்கு இடையே தேன்கூடு போன்ற சிற்றறைகளாக ஒரு சோடி, மூக்கின் பின்புறம் ஆழத்தில் ஒரு சோடி என நான்கு சோடிகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஒரு சிறு வாயிலின் வழியாக மூக்கினுள் திறக்கிறது.

இவ்வறைகளின் உட்சுவரில் மெல்லிய சளிச்சவ்வு உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் இடைவிடாமல் அசைந்து, அறையில் சுரக்கும் சளியை வாயிலை நோக்கித் தள்ளுகின்றன. கன்ன அறையின் வாயில் அடிப்பகுதியில் இல்லாமல் மேற்பகுதியில் அமைந்துள்ளது. எனவே அங்குள்ள சளி, புவியீர்ப்புக்கு எதிராக மேல்நோக்கியே பயணம் செய்ய வேண்டும். சவ்வு வீங்கி வாயில் அடைபட்டால் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகுகின்றன. அதனால் சவ்வு மேலும் வீங்குகிறது. நம் வீடுகளில் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்வார்கள். உண்மையில் நீர் கோப்பது தலையில் அன்று. வாயில் அடைபட்ட இந்த அறைகளில்தான்.

எது நாள்பட்ட சைனஸ் நோய்?

சாதாரணச் சளி பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் குணமாகிவிடும். மூக்கடைப்பு, மூக்கிலிருந்தோ தொண்டையின் பின்புறமாகவோ கெட்டியான சளி வடிதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம், மண உணர்வு குறைதல் ஆகிய நான்கனுள் இரண்டேனும் 12 வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி எனக் கருதுகிறோம். அடைப்போ சளி வடிதலோ அவ்விரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். அத்துடன் எண்டோஸ்கோப்பி அல்லது சி.டி. ஸ்கேனில் அழற்சிக்கான சான்றும் தேவை.

சளி, அடைப்பு எதுவுமின்றி, அடிக்கடி தலைவலி மட்டும் வருபவர்கள் 'எனக்குச் சைனஸ் தலைவலி' என்று சொல்லிக்கொண்டு வருவதுண்டு. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவ்வாறு நம்பியிருந்த ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்தபோது, 88 சதவீதத்தினரின் தலைவலி மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் இயல்புகளைக் கொண்டிருந்தது. ஒற்றைத் தலைவலியிலும் மூக்கில் நீர் வடியலாம்; கன்னத்தில் வலிக்கலாம். அதற்கு மூக்கில் அறுவை செய்தால் வலி நீங்காது. அறுவையின் துன்பம்தான் மிஞ்சும்.

அதேபோல, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேன் அறிக்கையில் 'சைனசைட்டிஸ்' என்று ஒரு வரி இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் சவ்வுத் தடிப்பு தென்படுவதுண்டு. அறுவை செய்வது நோயாளியின் தொல்லைக்காகவே. அறிக்கையில் உள்ள ஒரு சொல்லுக்காக அன்று.

'சதை வளர்ச்சி' என்னும் ஒரு சொல், மூன்று பொருள்

'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று எங்களிடம் வருபவர்கள் பலர். இந்த ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு நிலைகள் குறிக்கப்படுகின்றன.

முதலாவது, மூக்கின் பக்கச்சுவரில் இயல்பாகவே உள்ள சதை மடிப்புகள் ஒவ்வாமையால் வீங்குவது. கண்ணாடியின் முன் நின்று மூக்கில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் இதுவே. இம்மடிப்புகள் நாம் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துபவை, தேவையான உறுப்புகள்.

இரண்டாவது, குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு. வாயைத் திறந்தபடி உறங்குதல், குறட்டை, அடிக்கடி காதுவலி ஆகியவை இதன் அறிகுறிகள்.

மூன்றாவது, பாலிப். நீண்டகால அழற்சியால் காற்றறைச் சவ்வு ஊதிப் பெருத்து, தோலுரித்த திராட்சை போல மூக்கினுள் தொங்குவது இது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படும். ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் கடுமையாக வளரும். நம் நாட்டைப் போன்ற வெப்பமான பகுதிகளில், பூஞ்சைக்கு ஏற்படும் ஒவ்வாமையாலும் பாலிப் தோன்றுவதுண்டு.

மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. 'சதை வளர்ச்சி' என்று மருத்துவர் கூறினால், எந்தச் சதை என்று தயங்காமல் கேளுங்கள்.

முதலில் மருந்து

உடனடி அறுவை தேவைப்படும் சில நிலைகள் தவிர, ஏனையோருக்கு முதல் சிகிச்சை மருந்தே. நாள்தோறும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், ஸ்டீராய்டு மருந்தை மூக்கில் தெளிப்பதும் அதன் அடிப்படை. எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் இவற்றை முறையாகச் செய்த பின்னரே 'மருந்து பயன் தரவில்லை' என்ற முடிவுக்கு வர வேண்டும். ஒரு வாரம் தெளித்துவிட்டு நிறுத்தியவருக்கு மருந்து தோற்றது என்று சொல்ல இயலாது.

'ஸ்டீராய்டு' என்றதும் பலர் அஞ்சுகின்றனர். மூக்கில் தெளிக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு; இரத்தத்தில் கலப்பது அதிலும் குறைவு. மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டுடன் இதை ஒப்பிடக் கூடாது. மாறாக, யாரும் அஞ்சாமல் வாங்கிப் பயன்படுத்தும் ஒரு மருந்துதான் உண்மையில் தீங்கு செய்கிறது. அடைப்பை நிமிடங்களில் நீக்கும் சொட்டு மருந்தே அது. அதை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், சொட்டு விடாதபோதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். சில ஆண்டுகளாக அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்குபவர்களையும் நாங்கள் காண்கிறோம்.

அறுவை சிகிச்சையின் வகைகள்

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் கன்ன அறைக்குச் செய்யப்பட்ட அறுவை, நியூயார்க்கின் கால்டுவெல் 1893-இலும் பாரிசின் லுக் 1897-இலும் தனித்தனியே விவரித்த முறையாகும். மேல் ஈறைக் கீறி, கன்ன எலும்பில் துளையிட்டு, உட்சவ்வை அகற்றி, அறையின் அடிப்பகுதியில் புதிய வழி அமைப்பார்கள். 'தண்ணீர் கீழ்நோக்கித்தானே வடியும்' என்பதே அதன் கருத்து. ஆனால் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆய்வு செய்த மெசர்கிளிங்கர், சளியின் பாதையை உற்று நோக்கியபோது வேறொன்றைக் கண்டார். அடியில் எவ்வளவு பெரிய வழி இருந்தாலும், நுண்ணிழைகள் சளியை இயற்கை வாயிலுக்கே கொண்டு சென்றன. இக்கருத்தை அவருடைய மாணவர் ஸ்டாம்பெர்கரும் அமெரிக்காவின் கென்னடியும் 1980-களில் உலகெங்கும் பரப்பினர். சவ்வைக் காத்து, அடைபட்ட இயற்கை வாயிலை மட்டும் விரிவாக்குவதே இன்றைய எண்டோஸ்கோப்பி சைனஸ் அறுவையின் அடிப்படை.

இதில் முகத்தில் வெட்டுக் காயம் இல்லை. முழு மயக்கத்தில், நாசித் துவாரத்தின் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப் குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்தபடி பாலிப்பையும் அடைப்பையும் அகற்றுவோம். நோயின் அளவைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். முன்னர் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சிக்கலான அமைப்பு உடையவர்களுக்கும், கருவியின் முனை எங்குள்ளது என்பதை ஸ்கேன் படத்தின் மீது காட்டும் வழிகாட்டிக் கருவி உதவும்.

மூக்குத் தண்டு எனப்படும் நடுச்சுவர் ஓரளவு வளைந்திருப்பது பலரிடமும் இயல்பாகக் காணப்படுவதே. வளைவு மூச்சைத் தடுத்தாலோ, எண்டோஸ்கோப் செல்லும் வழியை மறைத்தாலோ மட்டுமே அதை நேராக்குகிறோம். இவ்வறுவை மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கானது அன்று. வீங்கிய சதை மடிப்புகளைக் கதிரலைச் சூட்டினாலும் பிற முறைகளாலும் சுருக்கலாம். ஆனால் அவற்றை முழுவதும் வெட்டி அகற்றக் கூடாது. அகற்றினால் மூக்கு வறண்டு பொருக்குக் கட்டும்; வழி அகலமாக இருந்தும் மூச்சு வராதது போன்ற உணர்வு வாழ்நாள் முழுவதும் துன்புறுத்தக்கூடும்.

வாயிலில் சிறு பலூனைச் செலுத்தி விரிக்கும் முறை 2005 முதல் புழக்கத்தில் உள்ளது. பாலிப் இல்லாத, வாயில் மட்டும் குறுகிய சிலருக்கு இது ஏற்றது. பாலிப்பை இது அகற்றாது. குழந்தைகளுக்கு அடினாய்டை அகற்றினாலே பெரும்பாலும் போதும். காற்றறையில் அறுவை அரிதாகவே தேவைப்படும். மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன அறையின் தளத்தை ஒட்டியிருப்பதால், ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிந்தால் பல் மருத்துவரும் பார்க்க வேண்டும். பல் சீழைக் கவனிக்காமல் காற்றறையை மட்டும் திறந்தால் நோய் திரும்பி வரும்.

ஆபத்துகளை அறிந்து ஒப்புதல் அளியுங்கள்

கண்ணுக்கும் காற்றறைக்கும் இடையிலுள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. கூரைக்கு மேல் மூளை உள்ளது. பின் அறையின் சுவரை ஒட்டிப் பார்வை நரம்பு செல்கிறது. எனவே கண்ணில் இரத்தக் கட்டு, பார்வைக் குறைவு, மூளையைச் சூழ்ந்த நீர் கசிதல், கடும் இரத்தப்போக்கு ஆகியவை நேரக்கூடும். இத்தகைய பெரும் சிக்கல்கள் நூறில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகின்றன. எனினும் இல்லை என்று சொல்வதற்கில்லை. சிறிய இரத்தக் கசிவு, பொருக்கு, வடுத் திசு ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இவற்றைவிட மிகுதியாக நிகழும். மண உணர்வு பலருக்கு மேம்படுகிறது. திரும்பியே தீரும் என்று உறுதியளிக்க எவராலும் இயலாது.

அறுவைக்கு முன், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, எங்களிடம் கூறுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவருடன் கலந்து பேசி முடிவு செய்வோம். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகியவை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகைப்பழக்கம் புண் ஆறுவதைக் கெடுத்து, அறுவையின் பயனைக் குறைக்கும்.

முதல் இரண்டு வாரங்கள்

அறுவை முடிந்ததும் மூக்கில் அடைப்புப் பொருள் வைத்திருந்தால், பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அகற்றப்படும். அதுவரை வாயால்தான் மூச்சு விட வேண்டும். சில நாட்கள் இரத்தம் கலந்த நீர் வடிவது இயல்பு. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து பாரம் தூக்குதல், தண்ணீர்க் குடம் சுமத்தல், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றை இரண்டு வாரங்கள் தவிருங்கள். குறித்த நாளில் வந்து பொருக்கைச் சுத்தம் செய்துகொள்வது அறுவையின் ஒரு பகுதியே. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று அந்த வருகையைத் தவிர்த்தால் உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொண்டு, திறந்த வாயில் மூடிவிடலாம்.

வழி திறந்த பிறகு மருந்து எதற்கு?

அறுவை, அடைபட்ட வாயிலைத் திறக்கிறது. ஆனால் சவ்வு ஏன் வீங்கியதோ அந்த ஒவ்வாமை இயல்பு உடலில் அப்படியே இருக்கிறது. கத்தியால் அதை வெட்டி எடுக்க இயலாது. பாலிப் நோய், ஆஸ்துமாவையும் சர்க்கரை நோயையும் போல நீண்டகாலம் கட்டுப்படுத்த வேண்டிய நோயாகும். பாலிப்புக்காக அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பதினெட்டு மாதங்களில் பத்தில் நால்வருக்கு எண்டோஸ்கோப்பியில் பாலிப் மீண்டும் தென்பட்டது. அவர்கள் அனைவருக்கும் மறு அறுவை தேவைப்படும் என்பதில்லை. ஆயினும் கண்காணிப்பும் மருந்தும் ஏன் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அப்படியாயின் அறுவையால் என்ன பயன்? அடைபட்ட அறைக்குள் மருந்து நுழைய வழியில்லை. வாயில் திறந்த பின்னரே உப்புநீரும் தெளிப்பு மருந்தும் அழற்சி உள்ள சவ்வைச் சென்று சேர்கின்றன. மருந்து வேலை செய்வதற்கான வழியை அறுவை அமைத்துத் தருகிறது. அந்த ஆசிரியை மருந்தை நிறுத்தியபோது, அறுவையால் கிடைத்த அந்த வாய்ப்பே வீணாகிவிட்டது.

தெளிப்பதற்கும் முறை உண்டு. தலையைச் சற்றுக் குனிந்து, வலக் கையால் இட நாசியிலும் இடக் கையால் வல நாசியிலும், மூக்கின் நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்துத் தெளியுங்கள். நடுச்சுவரின் மீதே தெளித்தால் இரத்தம் கசியும். கழுவிய பின்னர் தெளிக்க வேண்டும்; தெளித்த பின்னர் கழுவினால் மருந்து வெளியேறிவிடும்.

யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்று நாம் அறிந்ததைப் போன்றதே உப்புநீர்க் கழுவல். அதற்குக் குழாய் நீரையோ கிணற்று நீரையோ நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். அத்தகைய நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும். நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் அளவிட்ட உப்புப் பொட்டலத்தைக் கலந்துகொள்ளுங்கள். புட்டியை நாள்தோறும் கழுவி உலர்த்துங்கள்.

அறுவையும் தெளிப்பு மருந்தும் போதாத கடும் பாலிப் நோய்க்கு டூபிலுமாப் போன்ற ஊசி மருந்துகள் வந்துள்ளன. பாலிப்புக்கு இம்மருந்து அமெரிக்காவில் 2019-இல் ஏற்கப்பட்டது. செலவு மிகுதி என்பதால், தேர்ந்தெடுத்த சிலருக்கே பரிந்துரைக்கிறோம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழ்க்காண்பவற்றுள் எது தோன்றினாலும், அறுவை செய்துகொண்டவராயினும் இல்லாவிடினும், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

• கண் வீக்கம், பார்வை மங்குதல், இரட்டைப் பார்வை.
• கடும் தலைவலியுடன் காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனக்குழப்பம்.
• குனியும்போது ஒரு நாசியிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வடிதல்.
• நிற்காத இரத்தப்போக்கு.
• சர்க்கரை நோயாளிக்குக் கன்னம் மரத்துப்போதல், கறுப்பு நிறச் சளி, மேல் பற்கள் ஆடுதல். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் நம் நாட்டைத் துயரில் ஆழ்த்திய கரும்பூஞ்சை நோயின் அறிகுறிகள் இவை. இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் இரத்தம் கலந்த சளியும் தொடர்ந்தால், வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். அது கட்டியாகவும் இருக்கலாம். திசுப் பரிசோதனை அவசியம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

மருத்துவரிடம் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். எனக்கு இருப்பது எந்த வகை நோய்? மருந்தைப் போதிய காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டோமா? எந்தப் பகுதியில், எதற்காக அறுவை செய்யப் போகிறீர்கள்? இதில் எனக்குரிய ஆபத்துகள் யாவை? அறுவைக்குப் பின் எந்த மருந்தை எவ்வளவு காலம் தொடர வேண்டும்? உடன் வரும் குடும்பத்தினர் விடைகளைக் குறித்துக்கொள்வது நல்லது. பதற்றத்தில் இருக்கும் நோயாளிக்குப் பாதி நினைவில் நிற்காது.

அந்த ஆசிரியைக்கு மறு அறுவை தேவைப்படவில்லை. முந்தைய அறுவையில் திறந்த வாயில்கள் முழுவதும் மூடியிருக்கவில்லை. சில நாட்கள் ஸ்டீராய்டு மாத்திரையும், பின்னர் நாள்தோறும் கழுவலும் தெளிப்பும் தொடர்ந்தார், பாலிப் சுருங்கியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிச் செல்கிறார். அவருடைய விடுவிப்புச் சீட்டில் மருந்தின் பெயருக்கு அருகில், 'அறுவைக்குப் பின்னும் இதுவே சிகிச்சை. எங்களைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அன்று முதல், பாலிப் உள்ள ஒவ்வொருவருக்கும் அவ்வாறே எழுதுகிறேன். உங்கள் சீட்டில் அது இல்லையெனில், கேட்டு எழுதி வாங்கிச் செல்லுங்கள்.